உப்புநீர்ப் பம்பும் எட்டுப் பக்கப் படிவமும்

சென்னையிலிருந்து பார்சலில் வந்த அந்தப் படிவம் எட்டுப் பக்கம். முழுக்க ஆங்கிலம். அதைப் பிரித்த நாளிலேயே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது.

அப்போது தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தொன்பது. சொந்த ஊர் நாசரேத் பக்கம்; அப்பா பள்ளித் தலைமையாசிரியர். அவருடைய மகள் டாக்டர் பட்டம் வாங்காமல் நிற்பது அவருக்குப் பெரிய குறை. எனக்கும்தான். சென்னையில் ஒரு பேராசிரியர், சிறுதொழில்களில் புதுமை எப்படி வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். தெற்கு மாவட்டங்களுக்கு ஆள் தேவை என்று எழுதினார். தகவல் திரட்டித் தந்தால் அவரே எனக்கு வழிகாட்டியாக இருப்பார் என்பது ஏற்பாடு. உடனே ஒப்புக்கொண்டேன்.

படிவத்தில் இருந்த கேள்விகள் இப்படி: கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் நிறுவனம் அறிமுகப்படுத்திய புதுமைகள் யாவை? ஆராய்ச்சிக்கென்று தனிப் பிரிவு உண்டா? காப்புரிமை பெற்றதுண்டா? தொழில்நுட்ப நூல்கள், இதழ்கள் வாங்குகிறீர்களா? பட்டம் பெற்ற எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? இதையெல்லாம் தமிழில் கேட்க வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். எனக்கே புரியாத தமிழாக வந்தது.

முதலில் ஒரு ஐஸ் ஃபேக்டரிக்குப் போனேன். உரிமையாளர் கடற்கரை ஊர்க் கத்தோலிக்கர், நல்ல மரியாதைக்காரர். காப்பி வரவழைத்தார். "உங்க தொழில்ல அஞ்சு வருஷத்துல என்ன புதுமை நடந்திருக்கு?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார். "புதுமையா? அதெல்லாம் நமக்கெங்க நடக்கும் டீச்சர்? எங்க மயினி ஒருத்திக்கு நடந்துச்சு. நாலு வருஷமா எந்திரிக்க முடியாம கெடந்தா. மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டா, நடந்துட்டா."

கடற்கரைக் கத்தோலிக்கர் பேச்சில் புதுமை என்றால் அற்புதம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் புரொட்டஸ்டன்டுகள் அந்தச் சொல்லை அப்படிப் பேச்சில் வைத்துக்கொள்வதில்லை. "புதுசா ஏதாவது செஞ்சீங்களா" என்று மாற்றிக் கேட்டேன். "ஒண்ணும் இல்லையே" என்றார். எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதே பதில். நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். கையில் படிவம் வைத்துக்கொண்டு யார் வந்தாலும் ஜனங்கள் பயந்தார்கள். நான் விற்பனை வரி அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று ஒருவர் நினைத்தார், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறேன் என்று இன்னொருவர். பட்டறை வாசலில் சேலை கட்டிய ஒருத்தி நோட்டும் கையுமாக நிற்பதே அவர்களுக்குச் சங்கடம். கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். நான் கேள்வியைப் படிப்பேன். முதலாளி "இல்லை" என்பார். அடுத்த கேள்வி. "இல்லை." கல்லூரி முடிந்து வெயிலில் நடந்து நடந்து, இல்லை இல்லை என்று எழுதிய படிவங்களை ஒரு கட்டாகச் சேர்த்தேன். புதுத் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிற ஊர், உப்பளம், விசைப்படகு, ஐஸ், இறால் என்று நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்த ஊர், என் படிவங்களில் மட்டும் அசையாமல் கிடந்தது.

இப்படி ஒரு நாள் உப்பளங்களுக்குப் போகிற ரோட்டில் இருந்த ஒரு பட்டறைக்குப் போனேன். இரண்டு கடைசல் இயந்திரம், பின்னால் உலோகம் உருக்க ஒரு சின்ன உலை. முதலாளி ஐம்பது வயதுக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். எட்டுப் பக்கத்துக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, "சாப்பிடுத நேரம் டீச்சர், வெயில்ல போகாதீக, கொஞ்சம் இங்கன இருந்துட்டுப் போங்க" என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உப்பளக் கணக்கப்பிள்ளை ஒருவர் மாட்டு வண்டியில் ஒரு பம்பைக் கொண்டுவந்து இறக்கினார்.

"அண்ணாச்சி, இதுக்கும் ஒங்க வெங்கல இம்பெல்லர் போடணும். பக்கத்து அளத்துக்காரன் போட்டு ஒரு வருஷமாச்சாமே, அரிக்கவே இல்லைங்கான்?"

"போட்டுருவோம்" என்றார் அண்ணாச்சி.

இம்பெல்லர் என்பது பம்புக்குள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம். எங்கள் பக்கம் உப்பளத்துக்குக் கிணற்றிலிருந்துதான் உப்புநீர் இறைப்பார்கள். அது கடல் தண்ணீரைவிடக் கரிப்பானது. கடையில் வாங்குகிற பம்பில் அந்தச் சக்கரம் வார்ப்பிரும்பு. ஒரு பருவம் ஓடுவதற்குள் கரையான் தின்ற பலகைபோல ஆகிவிடும். இந்தப் பட்டறை அதை வெண்கலத்தில் வார்த்துக் கொடுத்திருக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணாச்சி, இப்பத்தானே புதுசா ஒண்ணும் செய்யலைன்னு சொன்னீங்க?"

"இது என்ன புதுசு டீச்சர்? இரும்பு அரிக்கு. வெங்கலத்துல ஊத்துனோம். அவ்வளவுதான?"

"யார் யோசனை?"

"எனக்கு எங்க யோசனை? அந்தா நிக்கான்லா, அவன்ட்ட கேளுங்க. ஏலே, டீச்சர் கூப்பிடுதாக பாரு."

வந்தவர் பட்டறையின் ஃபிட்டர். என் வயதுதான் இருக்கும். கடற்கரைக் குடும்பம், அப்பா தோணிகளுக்குக் கலப்பத்து அடிப்பவர், அதாவது பலகை இடுக்கில் தண்ணீர் ஏறாமல் பஞ்சு திணித்து அடைப்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். நான் படிவத்தைப் பார்க்காமல், எப்படி இதைச் செய்யத் தோன்றியது என்று மட்டும் கேட்டேன். இத்தனை நாளில் முதல் தடவையாக ஒருவர் அரை மணி நேரம் பேசினார்.

"விசைப்படகுல புரொப்பல்லர் வருஷக்கணக்கா கடல்லதான டீச்சர் கெடக்கு? அது அரிக்கல. பம்பு மட்டும் ஏன் அரிக்குன்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு. ஒடைஞ்ச புரொப்பல்லரா பெறக்கிட்டு வந்து உருக்கி ஊத்துனேன். மொதல்ல ஊத்துனது ஒரு மணி நேரத்துல வெடிச்சு, பம்புக் கூட்டையும் சேத்து ஒடைச்சிட்டு. அண்ணாச்சி ஒரு வாரம் என்னை வேலைக்கே வர வேண்டாம்னுட்டாரு."

"அப்புறம்?"

"ஒடைஞ்சாலும் பரவால்லன்னு ஒரு அளத்துக்காரரு தன் பம்பக் குடுத்தாரு. ரெண்டாவது நின்னுச்சு. ஆனா சக்கரம் நல்லா இருக்கு, அது மாட்டியிருக்க தண்டு முன்னவிட சீக்கிரமா அரிச்சுப் போச்சு. வெங்கலமும் இரும்பும் உப்புத் தண்ணியில சேந்தா இரும்பத் திங்கும்போல. தண்டுக்கு மேல பித்தளையில ஒரு ஒறை போட்டேன். நாலாவது பம்புலதான் சரியாச்சு."

இதைத்தான் சென்னையில் தேடிக்கொண்டிருந்தார்கள். கேள்வி, சோதனை, தோல்வி, திருத்தம், எல்லாம் வரிசையாக என் எதிரில் நின்றது. ஆனால் படிவத்தில் எங்கே எழுதுவது? ஆராய்ச்சிப் பிரிவு: இல்லை. காப்புரிமை: இல்லை. தொழில்முனைவோர் யார் என்று ஒரு கட்டம். உலையைக் கொடுத்த அண்ணாச்சியா, யோசித்த ஃபிட்டரா, தன் பம்பு உடைந்தாலும் பரவாயில்லை என்று சோதனைக்குக் கொடுத்த உப்பளக்காரரா? கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். இடம் போதாமல் நோட்டிலிருந்து தாள் கிழித்து ஒட்டினேன்.

கோடை விடுமுறையில் சென்னைக்குப் போனேன். பேராசிரியர் படிவங்களைப் புரட்டினார். அறிக்கையின் முன்வரைவு தயாராகவே இருந்தது. தெற்குக் கடற்கரைச் சிறுதொழில்களில் புதுமை நாட்டம் மிகக் குறைவு, புது முயற்சிக்கான மனப்பாங்கு வளரவில்லை என்று ஒரு பத்தி.

"இது தப்பு சார்" என்றேன்.

"எப்படித் தப்பு? நீங்க கொண்டுவந்த படிவத்துலதான் எல்லாம் இல்லைன்னு இருக்கு. உங்க கையெழுத்துதானே?"

"அவங்க பயத்துல இல்லைன்னாங்க. கேள்வியும் அவங்களுக்குப் புரியல. நான் ஒட்டியிருக்கிற தாளைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அது ஒரு கதை. ஒரு பட்டறைக் கதையை வச்சு என்ன முடிவுக்கு வர முடியும்?"

அவர் கெட்டவர் இல்லை. கேலியும் செய்யவில்லை. அதனாலேயே எனக்கு ஆத்திரம் கூடியது. மூன்று நாள் அவர் அறைக்குப் போய் வாதாடினேன். கடைசி நாளில் அலுத்துப்போய், "சரி, பின்னிணைப்பா போடுவோம். ஆனா துல்லியமா இருக்கணும். படம், அளவு, எல்லாம்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ரயிலில் வரும்போது விருதுநகர் வரைக்கும் சந்தோஷத்தில் தூக்கமே இல்லை.

படம் வரைய ஃபிட்டரே உதவினார். இம்பெல்லரைத் தாளின் மேல் வைத்துப் பென்சிலால் ஓரம் இழுத்தார். வெர்னியர் வைத்து ஒவ்வோர் அளவாகச் சொன்னார், நான் எழுதினேன். "புஸ்தகத்துல வருமா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணாச்சிக்கு வேறு கவலை.

"இதை சேல்ஸ் டாக்ஸ்காரன் படிப்பானா?"

"மாட்டான் அண்ணாச்சி."

"அப்ப எழுதுங்க."

வேறு யார் படிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பொருளாதாரம் படித்தவள் நான். யோசித்திருக்க வேண்டும்.

அறிக்கை அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபிட்டர் அந்தப் பக்கத்தை விரித்துவைத்து எல்லாருக்கும் காட்டினார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் படம் அவருடையதுதானே. "ஒரு தூத்துக்குடிப் பட்டறை" என்றுதான் அதில் போட்டிருந்தது. ஆய்வு விதிப்படி யார் பெயரும் வரக்கூடாது. அதைச் சொன்னேன். "பரவால்ல டீச்சர், எனக்குத் தெரியும்லா" என்றார்.

ஒன்றரை வருடம் போயிருக்கும். இடையில் கல்லூரி வேலை, அப்பாவுக்கு உடல்நலமில்லை என்று அந்தப் பக்கமே போகவில்லை. உப்புப் பருவம் தொடங்கிய சமயம், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பம்புக் கடை வாசலில் வரிசையாகப் புதுப் பம்புகள் நின்றன. "உப்புநீருக்கென்றே வெண்கல இம்பெல்லருடன்" என்று ஒரு போர்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் தயாரிப்பு.

நேரே பட்டறைக்குப் போனேன். உலை அணைந்து கிடந்தது. ஃபிட்டர் ஒரு சைக்கிள் அச்சைக் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். உள்ளே போய் ஒரு புது இம்பெல்லரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"கம்பெனிக்காரன் பம்புல உள்ளது. இந்த ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு தெரியுதா?"

தெரிந்தது.

"அது எதுக்குன்னு நெனைக்கீக? எதுக்குமே இல்ல. நான் ஊத்துத அச்சுல இருந்த பழுது. நாம ஓரம் இழுத்து வரைஞ்சோம்லா, அதுல அப்பிடியே விழுந்துட்டு. அவன் அதையும் சேத்து ஊத்தியிருக்கான்."

அண்ணாச்சி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "நீங்க என்ன செய்வீக டீச்சர், படிச்சவுக எழுதத்தான செய்வீக" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

அன்றே பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். மதுரையில் காப்புரிமை விவகாரம் பார்க்கிற ஒரு வக்கீலுக்கும் எழுதினேன். வக்கீலின் பதில் முதலில் வந்தது, நான்கே வரி. அச்சில் வெளியாகிவிட்ட ஒன்றுக்குக் காப்புரிமை கேட்க முடியாது. வெளியாகுமுன் விண்ணப்பித்திருந்தால் யோசித்திருக்கலாம். எந்த வெளியீடு என்று அவர் கேட்கவில்லை. அதை வெளியிட்டவளே அவருக்குக் கடிதம் எழுதுகிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

பேராசிரியரின் பதில் நீளமாக வந்தது. அவருக்கு மகிழ்ச்சி. ஒரு பட்டறையில் முடங்கிக் கிடந்த அறிவு ஊர் முழுக்கப் போயிருக்கிறது, உப்புத் தொழிலுக்கே லாபம், ஆய்வு ஒன்று இப்படிப் பயன்படுவது அபூர்வம், நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்று எழுதியிருந்தார். கடிதத்தை மேசை மேல் எறிந்தேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன். தப்பென்று சொல்ல ஒரு வரி அகப்படவில்லை. சின்ன உப்பளக்காரர்கள் பலருக்கும் அந்தப் பம்பு உபயோகமாகத்தான் இருந்தது, நானே விசாரித்தேன். ஆனால் அந்த உலையை யார் மறுபடி பற்றவைப்பார்கள்? அடுத்த ஒன்றை யோசிக்க அந்த ஃபிட்டருக்கு இனி என்ன தூண்டுதல்? இதைக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன். நல்ல கேள்வி, அடுத்த கட்ட ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

அடுத்த கட்டம் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்தது. ஒரு மத்தியானம் வரவேற்பறையில் ஒரு இளைஞர் காத்திருந்தார். பம்புக் கம்பெனியின் இன்ஜினியர். கையில் எங்கள் அறிக்கை. எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பின்னிணைப்பு மிகவும் உதவியாக இருந்தது என்று மனமார நன்றி சொன்னார்.

"ஒரே ஒரு சிக்கல்ங்க. தண்டு வெளியே வர்ற இடத்துல எங்க பம்பு ஒழுகுது. கடையில கிடைக்கிற பேக்கிங் கயிறு எல்லாம் போட்டுப் பார்த்துட்டோம். ஒரு மாசம் தாங்க மாட்டேங்குது. அந்தப் பட்டறை பம்பு ஒழுகுறதில்லைன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. உங்க படத்துல பேக்கிங்னு மட்டும் போட்டிருக்கீங்க. விவரம் இல்லைங்களே?"

குறை சொல்கிற தொனிகூட இல்லை. பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் விட்டுப்போனதுபோலக் கேட்டார். "அதைச் செஞ்சவரையே போய்க் கேட்டீங்களா?" என்றேன்.

"போனோம். அவர் ஒண்ணுமில்லைன்னுட்டார். நீங்க கேட்டா சொல்வார்னு உங்க பேராசிரியர்தான் சொன்னார்."

அதே வாரம் பேராசிரியரின் கடிதமும் வந்தது. அந்த விவரத்தைத் திரட்டுங்கள், ஆய்வுக்கு அது முக்கியம், உங்கள் டாக்டர் பட்டப் பதிவையும் அதோடு சேர்த்துப் பேசிவிடலாம்.

போனேன். எதற்காகப் போகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. ஃபிட்டரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"நோட்டைப் பைக்குள்ள வையுங்க டீச்சர்."

வைத்தேன். அவர் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். மீன் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. பஞ்சு நூலை முறுக்கி, குங்கிலியத்தை மீன் எண்ணெயில் காய்ச்சி அதில் ஊறப்போட்டிருந்தார். அப்பா தோணிக்கு அடிக்கிற அதே சரக்கு. காய்ச்சுகிற பக்குவத்தை மட்டும் தண்டின் சூட்டுக்குத் தக்கபடி மாற்றியிருக்கிறார். எவ்வளவு நேரம், எந்த நிறம் வரும்போது இறக்குவது என்று எல்லாம் சொன்னார்.

"அன்னைக்கே இதை ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. சக்கரத்த மட்டும்தான கேட்டீக?"

உண்மைதான். நூல் நனைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஓர் அறிவாகவே தோன்றவில்லை.

"இதுக்காவது பேடன்ட் வாங்கலாம். இன்னும் அச்சுல வரல. நான் எழுதித் தாரேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "யாரு, நானா? பேப்பர வச்சுக்கிட்டு கோயம்புத்தூருக்குப் போயி கேஸ் நடத்தவா? தோணிக்கார வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. எங்கய்யாவுக்கு யாரு பேடன்ட் குடுத்தா?" டப்பாவை மூடிக்கொண்டே, "நீங்க எழுதணும்னா எழுதுங்க டீச்சர். உங்க படிப்பு நின்னுரப்படாது" என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேனோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. இன்ஜினியர் திரும்பி வந்தபோது, எனக்கு எதுவும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். பேராசிரியருக்கும் அதையே எழுதினேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்தே எழுதிக் கையெழுத்திட்ட முதல் பொய்த் தகவல் அதுதான். அவர் அதற்குப் பதில் போடவில்லை. அடுத்த கட்டத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வேறொருவரை எடுத்துக்கொண்டார். அப்பாவிடம், வழிகாட்டி கிடைக்கவில்லை என்று சொன்னேன். "சரியா முயற்சி பண்ணியிருக்க மாட்டே" என்றார்.

பட்டறை அதனால் நிமிர்ந்துவிடவில்லை. கம்பெனிப் பம்புகள் ஒழுக ஒழுக, உப்பளக்காரர்கள் அவற்றை ஃபிட்டரிடம் கொண்டுவந்து பேக்கிங் மட்டும் மாற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பருவம் அந்த வேலை ஓடியது. பிறகு கம்பெனி வேறு மாதிரி அடைப்பு ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டது. ஒழுகல் நின்றது, இவர் வேலையும் நின்றது. எழுபதுகள் முடிகிற சமயத்தில் ஃபிட்டர் வளைகுடாவுக்குப் போய்விட்டார், அங்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கிற வேலை. போவதற்கு முன் கல்லூரிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். பாஸ்போர்ட் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். ஃபிட்டர் என்றே எழுதச் சொன்னேன். அப்புறம் வெகுநேரம், வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று குமைந்தேன்.

அந்த வருடம் இறுதியாண்டு மாணவிகளுக்கு நான்தான் வினாத்தாள் தயாரித்தேன். அறிவு பரவுவதால் சமுதாயம் அடையும் நன்மைகளை விளக்குக என்று ஒரு கேள்வி. பாடத்திட்டத்தில் இருந்தது, விட முடியாது. எல்லாரும் புத்தகத்தில் உள்ளபடியே, ஒரு வரி பிசகாமல் எழுதியிருந்தார்கள். விடைத்தாள்களை வாசித்துக்கொண்டே போனேன். ஒருத்தியாவது வேறு ஏதாவது எழுதியிருப்பாளா என்று கடைசித் தாள்வரை பார்த்தேன். இல்லை. எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.